கிணற்றடியில் ஒரு பாடம்

நிலாவரைக் கிணற்றில் எலுமிச்சங்காய் ஒன்றைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்பது யாழ்ப்பாணத்துக் குழந்தைகள் கேட்டு வளரும் கதை. நாமும் கேட்டு வளர்ந்தோம். ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில் நாமே அதனை வகுப்பிற் சொல்லவுஞ் செய்தோம். வானர சேனையின் தாகந் தீர்க்க இராமபிரான் அம்பெய்து உண்டாக்கிய கிணறு அது என்பதையும் சேர்த்துச் சொன்னோம். கதை முடிந்ததும் கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஆர் சேர் எலுமிச்சங்காய் போட்டுப் பாத்தது?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்து, அவனை இருக்கும்படி கையைக் காட்டிவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போனோம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆரம்பப் பாடசாலைகளிற் கழித்து ஓய்வு பெற்றபின் எண்ணிப் பார்க்கையில், அந்த ஆண்டு முழுவதும் அந்த வகுப்பறையில் எழுந்த விஞ்ஞானக் கேள்வி அது ஒன்றுதான் எனத் தோன்றுகிறது. அதனையும் நாம் அமர்த்திவிட்டோம்.

"நீரின் இயல்புகள் யாவை?" என்பது சிறுவர்க்கான வினாத்தாள்களிற் பழகிப்போன ஒரு வினா. நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது என்று பிள்ளை எழுதும். மூன்று புள்ளியும் கிடைக்கும். எழுதுகிற பிள்ளை தீவுப்பகுதியைச் சேர்ந்ததாயின், அன்று காலை அது தன் வீட்டுக் கிணற்று நீரில் வாய் கொப்பளித்துவிட்டு வந்திருக்கும். அந்நீர் உவர் நீர். குடிப்பதற்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் வேண்டி அதன் தாய் ஒரு கட்டை தூரம் போய் வருபவள். அப்படியிருந்தும் "சுவையற்றது" என்று அக்குழந்தை எழுதுகின்றது. எழுதப் பழக்கியவர்கள் நாம். தூய நீருக்குச் சுவையில்லை என்பது மெய்யே. அந்தத் தூய நீர் குடாநாட்டின் எந்தக் கிணற்றிலும் இல்லை என்பதும் மெய்யல்லவா? தன் நாக்குச் சொல்வதை ஒதுக்கிவிட்டுத் தாள் சொல்வதை ஒப்புக்கொள்ளும் பயிற்சியை ஏழு வயதிலேயே தொடங்கி வைத்துவிட்டு, நம் பிள்ளைகளிடம் ஆராய்ச்சி மனப்பான்மை இல்லையே என்று பின்னர் மேடைகளில் அங்கலாய்க்கிறோம்.

இத்தனைக்கும் சிறுவர்க்கு விஞ்ஞானம் கற்பிக்க யாழ்ப்பாணத்தைப் போல வாய்ப்பான இடம் வேறொன்று இருக்குமா என்பது நமக்கு ஐயமே. இங்கே ஆறு இல்லை. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கியாற்றை ஆறென்று அழைப்பது நம்மவரின் பெருந்தன்மை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலே கிடக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல்நீரிலும் இலேசானது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உப்புநீரை அமர்த்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலேயுள்ள அந்த ஓரடியை நீரிறைக்கும் இயந்திரம் வைத்து உறிஞ்சித் தீர்த்தால் கீழிருந்து உப்பு எழுந்து வரும். நிலாவரையிலும் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதன் காரணம் இதுவே.

இதனைச் சிறு பிள்ளைக்கு விளக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிக் குவளையின் பாதியில் உப்பு நன்றாகக் கரைத்த நீர். அதிலே துணிக்குப் போடும் நீலம் சிறிது. அதன்மேல் ஒரு கரண்டியின் முதுகு வழியே மெல்ல மெல்ல நன்னீரை வார்த்தால், கீழே நீலமும் மேலே தெளிவுமாக இரண்டு நீரும் பிரிந்து நிற்கும். பின்னர் ஒரு பிள்ளையிடம் பப்பாசி இலைக் காம்பைக் கொடுத்து மேல்நீரை உறிஞ்சச் சொல்ல வேண்டும். முதலில் நல்ல தண்ணீர் வரும். இன்னும் உறிஞ்சினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பும். அந்தத் துப்பலோடு குடாநாட்டின் நிலத்தடி நீர் பற்றிய பாடத்தில் பாதி முடிந்துவிடும். எஞ்சிய பாதிக்குக் கேத்திலின் அடியிற் படியும் வெண்ணிறப் பொருக்கு இருக்கிறது. தேசிக்காய்ச் சாறு பட்டதும் குமிழி விடும் சுண்ணக்கல் தூள் இருக்கிறது.

கண்ணாற் கண்டு வழக்குத் தீர்க்கும் இந்த முறை நம் மண்ணுக்குப் புதியதுமன்று. 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழவிருந்த சந்திரகிரகணத்தை அராலி விசுவநாத சாத்திரியார் தம் பஞ்சாங்கத்திற் கணித்திருந்தார். வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபர் டானியல் பூவர் மேனாட்டு முறையிற் கணித்தபோது, தொடங்கும் நேரமும் நீடிக்கும் நேரமும் மறைப்பின் அளவும் வேறாக வந்தன. இரண்டையும் முன்னரே ஊருக்கு அறிவித்தார்கள். அன்றிரவு சனங்கள் கூடி நின்று வானத்தைப் பார்த்தார்கள். பூவரின் கணக்கே பலித்தது. பாதிரியாருக்கு இதிலே மதப் பிரசார நோக்கம் இருந்தது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. கிரகணம் பிடிப்பதைக் கணித்ததால் ஒரு மதம் மெய்யாகிவிடாது. சாத்திரியாரும் நெடுங்காலக் கணித மரபொன்றின் வாரிசே. நம்மைக் கவர்வது அந்த முற்றம். இரு கட்சியும் தம் கணக்கை முன்கூட்டிச் சொல்லிவிட்டு, தீர்ப்பை வானத்திடம் விட்டன. பாமர சனம் சாட்சியாக நின்றது. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டவேண்டிய முற்றம் அது.

அந்தச் செமினரி 1855இல் மூடப்பட்டது. 1847இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பிக்க முடியும் என்று பின்னர் மானிப்பாயிற் செய்து காட்டினார். உடற்கூற்று நூலையும் இரசாயன நூலையும் தமிழில் ஆக்கினார், ஆக்குவித்தார். ஆகவே விஞ்ஞானமும் தமிழும் நம்மிடம் அன்றே கைகோத்துவிட்டன. பின் எது குறைந்தது? செமினரியிற் படித்தோர் பெரும்பாலும் ஆதிக்க சாதி வீட்டுப் பிள்ளைகள். 1930ஆம் ஆண்டளவிலே உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசை வாங்கில் இருக்கலாம் என்ற சம ஆசன விதி வந்தபோது, அதற்கு நம்மவர் தந்த விடை பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தமை. வானத்தின் தீர்ப்பை ஏற்ற ஊர் வாங்கின் நீளத்தை ஏற்கவில்லை.

1945 ஒக்ரோபரில் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வி வந்தது. ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்து மத்திய கல்லூரிகளுக்கு அனுப்புவதற்காக ஏற்பட்டதே இன்றைய ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் மூலம். நல்லெண்ணத்திற் பிறந்த அது என்னவாயிற்று என்பதை எந்த ஒழுங்கையின் ரியூசன் கொட்டிலிலும் காணலாம். 1998இல் கம்பஹா மாவட்டத்தில் தொடங்கி 1999இல் நாடு முழுவதற்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் "சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்" என ஒரு பாடத்தையே அமைத்தது. விளையாட்டும் செய்கையும் முதலில், மேசை வேலை பின்னர் என்பது அதன் நோக்கு. நோக்கிற் குறை சொல்ல நமக்கு இடமில்லை. ஆனால் நான்காம் வகுப்பு வந்ததும் பெற்றோர் கைகளில் முன்னைய ஆண்டு வினாத்தாள்கள் வந்துவிடுகின்றன; செய்கை நின்று குறிப்பு எழுதுதல் தொடங்கிவிடுகிறது. விதை முளைப்பதைப் பார்ப்பதற்குப் பதிலாக, முளைக்கும் விதையின் படத்திற் பெயர் குறிக்கிறார்கள். வேலிக்கு அப்பால் உழுந்து முளைத்து நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், பாடநூல் இல்லாத காலத்திலேதான் நம் பிள்ளைகள் மிகுதியாக விஞ்ஞானம் கற்றார்கள். 1990இல் போரினால் மின்சாரம் நின்றது. பற்றரி தடை, மண்ணெண்ணெய் கட்டுப்பாடு. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சு வைத்து, அதில் ஊறுமளவு மாத்திரம் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் ஒரு திரியை நிறுத்தி ஏற்றிய விளக்கிலே ஒரு தலைமுறை படித்தது. போத்தலின் சுவர் காற்றைத் தடுக்கும். வாய் அகன்றிருப்பதால் மூச்சு விடும். வாயை மூடினால் அணைந்துபோகும். எட்டு வயதுப் பிள்ளைகள் திரியைச் சுருக்கி, எண்ணெய் எத்தனை இரவுக்கு வரும் என்று கணக்குப் பார்த்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வானொலி பேசிற்று. சுற்றும் வேகம் குறைந்தால் செய்தி அறிக்கை நோயாளியைப் போல முனகிற்று. பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தார்கள். அந்த வறுமையை நாம் புகழவில்லை. மருந்தில்லாமற் செத்த பிள்ளைகளைக் கண்ட எவரும் அதனைப் புகழமாட்டார். ஆயினும் "ஏன் அணைந்தது?" என்ற கேள்விக்கு அன்று வீட்டிலே ஒரு பயன் இருந்தது. மின்சாரம் வந்ததும் அப்போத்தல்களை எறிந்தோம். கேள்வியையும் அவற்றோடு எறிந்துவிட்டோம் போலும்.

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம்.

2002ஆம் ஆண்டு. போர்நிறுத்தம் வந்து, பாதை திறந்து, மனிதர் முகங்களிற் சிறிது வெளிச்சம் தெரிந்த காலம். வலிகாமத்துச் செம்பாட்டு மண் பகுதியொன்றின் சிறிய பாடசாலையில் நான்காம் வகுப்பு நம் பொறுப்பில் இருந்தது. அவரவர் வீட்டிற் குடிக்கும் நீரை ஒரு போத்தலிற் கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் சொன்னோம். மருந்துப் போத்தலும் சோடாப் போத்தலுமாக முப்பதுக்கு மேல் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே அளவு நீர் எடுத்து, சவுக்காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்க எத்தனை துளி வேண்டும் என்று எண்ண வேண்டும். வன்னீராயின் துளி மிகுதி. பின்னர் ஒரு கரண்டி நீரைப் பேணி மூடியில் விட்டு வற்றவைத்து, எஞ்சும் வெண்படிவைப் பார்க்க வேண்டும். கரும்பலகையில் நிரல்கள் வரைந்தோம்: பெயர், கிணறு, துளி, படிவு. வகுப்பில் அன்றிருந்த ஆரவாரத்தை அதிபர் இரண்டுமுறை வந்து எட்டிப் பார்த்தார்.

குடியிருப்புப் பக்கத்துச் சிறுமி ஒருத்தியின் முறை வந்தது. "உங்கட கிணறு எது, பிள்ளை?" என்று கேட்டோம்.

"எங்களுக்குக் கிணறு இல்லை, சேர். பெரிய வீட்டுத் தண்ணி. ஆச்சி ஊத்தித் தந்தவ."

ஊற்றித் தந்தவ என்பதன் பொருள் அவ்வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவளின் தாய் குடத்தை நிலத்தில் வைத்துவிட்டு விலகி நிற்பாள். கிணற்று வீட்டார் அள்ளி மேலிருந்து வார்ப்பார்கள். மனமில்லாத நாளில் காத்து நிற்க வேண்டும். நமக்கும் அது தெரியும். தெரிந்திருந்தும் போத்தல் கொண்டுவரச் சொன்னபோது நம் எண்ணத்தில் அது வரவில்லை. கிணறுள்ள வீட்டிற் பிறந்தவர்கள் நாம்.

கிணறு என்ற நிரலில் என்ன எழுதுவது என்று சோக்குக் கட்டியோடு நின்றபோது முன் வாங்கிலிருந்து ஒரு பையன், "அது எங்கட கிணறு, சேர்!" என்றான். அவன் போத்தலுக்கு 11 துளி. அவள் போத்தலுக்கும் 11 துளி. பேணி மூடிகளை அருகருகே வைத்தோம். இரண்டு படிவும் ஒரே வட்டமாய், ஒரே வெண்மையாய் இருந்தன. பையன் தன் கிணற்றின் பெருமை நிலைத்ததில் மகிழ்ந்தான். "ரெண்டும் ஒண்டுதான்!" என்று வகுப்புச் சொல்லிற்று.

சிறுமி இரண்டு மூடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "ரெண்டும் ஒண்டெண்டால், நாங்கள் ஏன் சேர் அள்ளக்கூடாது?" என்று கேட்டாள்.

அவள் கோபித்துக் கேட்கவில்லை. எலுமிச்சங்காய்ப் பையனைப் போலவே, சோதனை சொல்லும் முடிவிலிருந்து அடுத்த படிக்குப் போனாள். அது ஒழுங்கான விஞ்ஞான முறை. கிணறு ஒன்று, நீர் ஒன்று, நுரை ஒன்று. கை மாத்திரம் ஏன் வேறு? இருபது ஆண்டு ஆசிரியராயிருந்த நமக்கு வாயில் ஒரு சொல் வரவில்லை. மணி அடித்தது. நாம் கரும்பலகையை அழித்தோம். அழித்தது இன்றுவரை கையிற் சோக்குத் தூளாய் ஒட்டிக்கிடக்கிறது.

மூன்றாம் நாள் ஊரிலிருந்து ஒருவர் பாடசாலைக்கு வந்து போனார். அடுத்த வாரம் மேலதிகாரி ஒருவர் வந்தார். நயமாகத்தான் பேசினார்: பிள்ளைகளை வீடு வீடாகத் தண்ணீர் எடுக்க அனுப்ப வேண்டாம், பயிற்சி நூலிலுள்ளதைச் செய்தாற் போதும், அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் வருகிறதல்லவா? சாதி என்ற சொல் அவர் வாயிலும் வரவில்லை, நம் வாயிலும் வரவில்லை. இருவரும் தேநீர் குடித்தோம்.

அதே 2002ஆம் ஆண்டில், கடலுக்கு அப்பால் மத்தியப் பிரதேசத்தில் வேறொரு கரும்பலகை அழிக்கப்பட்டதை நாம் பின்னர் அறிந்தோம். ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் ஏறத்தாழ 1000 பள்ளிகளுக்குப் பரவிய ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் அது. சிற்றூர்ப் பிள்ளைகள் வயலிலும் குளத்திலும் பொருள் சேர்த்து, செய்து பார்த்து, தாமே முடிவெழுதினார்கள். பரீட்சையும் அதற்கேற்ப, புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதுவதாக இருந்தது. முப்பதாண்டின் பின் மாநில அரசு அதனை நிறுத்தியது. நம் பிள்ளைகளிலும் சற்று மூத்தவர்களுக்கான திட்டம்தான். எனினும் கேட்கப் பழகிய பிள்ளையைக் கண்டு அஞ்சுவோர் எங்கும் உளர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தமிழகத்தில் 1987 முதல் சிறுவர்க்காக வெளிவரும் "துளிர்" விஞ்ஞான இதழின் சில பிரதிகள் நமக்கு நண்பர் மூலம் கிடைத்ததுண்டு. அவற்றிலிருந்து திருடிய சோதனைகள் பலவற்றை வகுப்பிற் செய்தோம், இதழாளர்கள் மன்னிப்பார்கள்.

கிணற்று நீர் பின்னர் சாதிமான்களின் வீட்டு முற்றத்திலேயே கேள்வியாக எழுந்தது. தோட்டங்களில் அள்ளிக் கொட்டிய உரத்தின் நைத்திரேற்று, குடிநீருக்கென உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றிலே தாண்டிவிட்டது. சுன்னாகத்தைச் சுற்றிய ஊர்களிற் கிணற்று நீரின்மேல் எண்ணெய் மிதந்தது. பவுசரிலே தண்ணீர் வந்தது. பெரிய வீடு, சிறிய வீடு எல்லாம் வாளியோடு ஒரே வரிசையில் நின்றன. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கிருந்த அனல்மின் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்த்தது. அவ்வழக்கு நடந்த ஆண்டுகளில், "தண்ணீரிலே எண்ணெய் இருக்கிறதா இல்லையா?" என்று படித்த பெரியவர்கள் அறிக்கைக்கு எதிர் அறிக்கை விட்டுக் குழம்பியபோது, ஒரு போத்தலும் ஒரு துளி எண்ணுங் கணக்கும் பழகிய பிள்ளைகள் ஊருக்கு நூறு பேர் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டோம்.

2019 டிசம்பர் 26 காலையிற் குடாநாட்டுக்கு மேலாகக் கங்கண சூரியகிரகணம் போயிற்று. அப்போது நாம் ஓய்வு பெற்றுவிட்டோம். கிரகண வேளையிற் பிள்ளைகளை வீட்டினுள் வைத்துக் கதவடைத்த அயலவர்கள் இருந்தார்கள். நாம் ஒழுங்கைப் பிள்ளைகள் சிலரை வேம்பின் கீழ் அழைத்துச் சென்றோம். நிமிர்ந்து பார்க்கக் கூடாது, நிலத்தைப் பாருங்கள் என்றோம். இலைகளின் இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, மணல் முழுவதும் சின்னச் சின்ன ஒளி வளையங்கள் விழுந்து கிடந்தன. ஒரு சிறுவன் அவற்றை அள்ளப் பார்த்தான். கைமேலும் வளையம் விழுந்தது. எலுமிச்சங்காய்க் கேள்விக்கு நாற்பது ஆண்டு பிந்திச் சொன்ன பதிலாக அதனைக் கொள்ளலாமோ என்னவோ.

அந்த 2002ஆம் ஆண்டுக் கொப்பி ஒன்று இன்னும் நம்மிடம் இருக்கிறது. தண்ணீர்ப் போத்தல் பாடத்துக்கு முன்னரே, ஐப்பசியில், பிள்ளைகளைக் குழுக்களாய்ப் பிரித்து, மாரி முடியும் வரை வாரம் ஒருமுறை ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கும் வேலையைக் கொடுத்திருந்தோம். ஓரடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிறு, நுனியில் ஒரு கல். கிணற்றுக் கட்டிலிருந்து கல் நீரைத் தொடும் வரை எத்தனை முடிச்சு என்பதே அளவு. வீடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாமென மேலதிகாரி சொன்னபின் இதனை நிறுத்தும்படி நாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மறந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பையனும் அந்தச் சிறுமியும் ஒரே குழு. கிணறு அவன் வீட்டுக் கிணறு. அவன் கட்டருகே நின்று முடிச்செண்ணிச் சொல்வான். மற்றவர்கள் படலைக்கு வெளியே நிற்பார்கள். எண்ணைக் கொப்பியில் எழுதுபவனும் அவனே.

ஆறு வாரத்து எண்கள் அவன் கையெழுத்தில் இருக்கின்றன: பெரியதாய், வலப்புறஞ் சரிந்து. ஏழாம் வாரம் அவன் காய்ச்சலிற் கிடந்தான். இடாப்பிலே மூன்று நாள் வரவில்லை. அவ்வாரத்து எண் நேராய், சிறியதாய், வேறொரு கையெழுத்தில் இருக்கிறது. அது அந்தச் சிறுமியின் எழுத்து என்பது நமக்குத் தெரியும். யார் அளந்தது, ஆச்சி வீட்டில் நின்றாரா என்று நாம் கேட்கவில்லை. எட்டாம் வாரம் மறுபடி அவன் எழுத்து வருகிறது. அப்போது மழை விடாமற் பெய்துகொண்டிருந்த காலம். நீர் ஏறியபடி இருந்தது. ஆறாம் வாரத்து எண் 14. எட்டாம் வாரத்து எண் 11. நடுவிலே அவள் எழுதியிருப்பது பன்னிரண்டரை.